போர்ட் வழியாக ஹார்ட் டிஸ்க்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்குவது

பூட்லோடர் எழுதி ப்ரொடெக்டட் மோடுக்குள் (ப்ராசஸரின் 32 பிட் நிலை) நுழைந்த பிறகு பயாஸ் துணைக்கு வராது. அதுவரை பயாஸின் டிஸ்க் சேவையான இன்டரப்ட் 13 பார்த்துக்கொண்ட வேலையை இனி நாமே ஐடிஈ (பழைய டிஸ்க் இணைப்பு முறை) கண்ட்ரோலரின் போர்ட்டுகளோடு பேசி முடிக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் பத்து வரி வேலை. எந்த டிரைவ், எந்த செக்டர், எத்தனை செக்டர் என்று எழுத வேண்டும்; படிக்கும் கமாண்டைக் கொடுக்க வேண்டும்; தயாராகும்வரை காத்திருந்து, 16 பிட் வேர்டுகளாக 256 முறை இழுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பத்து வரியில் சறுக்கும் இடங்கள்தான் ஏராளம். பல பிழைகள் எந்தச் செய்தியும் தராமல் நிரலைத் தொங்க விட்டுவிடும். சில பிழைகள் குப்பையைப் படித்துக் கொடுத்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும்.

ஆகவே நிரலில் கை வைக்கும் முன் ஸ்டேட்டஸ் பைட்டைத் திரையில் அச்சிட்டுப் பாருங்கள். "டிஸ்க் படிக்கவில்லை" என்பதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. "ஸ்டேட்டஸ் 58-லேயே நிற்கிறது" என்றால் பாதிப் பிழை பிடிபட்ட மாதிரி. இது தெரியாமல் தாமத லூப்புகளை இங்கும் அங்கும் செருகிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

முதலில் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ட், கமாண்ட், ஸ்டேட்டஸ் எண்கள் எல்லாம் இங்கே ஹெக்ஸில் இருக்கின்றன. முதல் ஐடிஈ சேனலின் போர்ட்டுகள் 1எஃப்0 முதல் 1எஃப்7 வரை, கூடவே 3எஃப்6. இரண்டாவது சேனலுக்கு 170 முதல் 177 வரை, கூடவே 376. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியின் டிஸ்க் கண்ட்ரோலர் உட்கார்ந்திருந்த முகவரிகள் இவை, அப்படியே நிலைத்துவிட்டன. 1எஃப்0 டேட்டா போர்ட், 1எஃப்1 எரர், 1எஃப்2 செக்டர் எண்ணிக்கை. 1எஃப்3, 4, 5 மூன்றும் செக்டர் எண்ணின் கீழ் 24 பிட்டுகள். 1எஃப்6-இல் டிரைவ் தேர்வும் செக்டர் எண்ணின் அடுத்த 4 பிட்டுகளும் இருக்கும். 1எஃப்7-இல் எழுதினால் கமாண்ட், படித்தால் ஸ்டேட்டஸ். 3எஃப்6-இல் எழுதினால் ரீசெட், இன்டரப்ட் போன்ற கட்டுப்பாடு, படித்தால் அதே ஸ்டேட்டஸ்.

ஸ்டேட்டஸில் 80 என்றால் பிஸி, 40 ரெடி, 20 டிரைவ் ஃபால்ட், 08 டேட்டா தயார் (டிஆர்க்யூ), 01 எரர். பிஸி பிட் ஏறியிருக்கும்போது (அதாவது 1 ஆக இருக்கும்போது) மற்ற எந்த பிட்டுக்கும் அர்த்தம் கிடையாது. சும்மா இருக்கும் ஆரோக்கியமான டிரைவ் பொதுவாக 50 காட்டும். படிக்க டேட்டா வைத்திருந்தால் 58. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளவற்றில் பாதியைப் படிக்காமலே தாண்டலாம்.

இன்னொன்று: சோதனையெல்லாம் கியூஎமு போன்ற எமுலேட்டரில், ஒரு இமேஜ் ஃபைலின் மேல்தான். படிக்கும் கமாண்ட் 20, எழுதும் கமாண்ட் 30. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். சொந்த டிஸ்க்கின் முதல் செக்டரில் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது.

முதல் போர்ட் கட்டளையிலேயே நிரல் செத்துவிடுகிறது

லினக்ஸில் சாதாரண நிரலாக ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் வரும். இன், அவுட் கட்டளைகளைப் பயனர் நிரல் தொட ப்ராசஸர் விடுவதில்லை. ரூட்டாக இருந்து, முதலில் ஐஓபெர்ம் அழைப்பில் அந்த போர்ட்டுகளுக்கு அனுமதி கேட்க வேண்டும். ரூட்டாக இருப்பது மட்டும் போதாது; அழைப்பும் வேண்டும்.

அனுமதி கிடைத்தும் நடத்தை விநோதமாக இருந்தால், போர்ட்டில் ஒரு பைட் எழுதும் அவுட்பி-க்குக் கொடுக்கும் இரண்டு மதிப்புகளின் வரிசையைப் பாருங்கள். லினக்ஸின் சி நூலகத்தில் மதிப்பு முதலில், போர்ட் பிறகு. சொந்தமாகக் கெர்னல் எழுதுபவர்கள் வழக்கமாக எழுதும் அவுட்பி-யில் போர்ட் முதலில் வரும். டர்போ சி-யின் அவுட்போர்ட்பி-யும் அப்படித்தான். ஓரிடத்தில் ஓடிய நிரலை இன்னோரிடத்தில் ஒட்டும்போது கம்பைலர் இதைப் பற்றி வாய் திறக்காது, ஏனென்றால் இரண்டுமே வெறும் எண்கள்தானே.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அந்த போர்ட்டுகள் ஏற்கெனவே கெர்னலின் டிரைவரிடம் இருக்கலாம். ப்ராக் கோப்பகத்தில் ஐஓபோர்ட்ஸ் என்ற ஃபைலை ரூட்டாகத் திறந்தால் யார் எதை வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அங்கே 1எஃப்0-க்கு எதிரே டிரைவர் பெயர் இருந்தால் அதைத் தொடாதீர்கள். நீங்கள் செக்டர் எண்ணை எழுதும் நேரத்தில் கெர்னலும் தன் செக்டர் எண்ணை எழுதும்; யாருடைய டேட்டா எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விண்டோஸில் பயனர் நிரலுக்கு இந்த வழியே கிடையாது. கெர்னல் டிரைவர் எழுதினால்தான் உண்டு. நம் கல்லூரிகளில் பழகிய டர்போ சி-யை டாஸ்பாக்ஸில் ஓட்டுபவர்களுக்கோ எந்தப் பிழையும் வராது, நிரலும் சாகாது; படிப்பதெல்லாம் எஃப்எஃப் ஆக இருக்கும். சாதாரண டாஸ்பாக்ஸில் ஐடிஈ கண்ட்ரோலரே இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளையில் இருக்கிறது. ஆனால் இந்தப் பயிற்சிக்கு இரண்டையும் விட கியூஎமு நல்லது என்பது என் கட்சி.

ஸ்டேட்டஸ் எப்போதும் எஃப்எஃப்

அந்த முகவரியில் யாரும் இல்லை என்று அர்த்தம். ஆளில்லாத கம்பியைப் படித்தால் எல்லா பிட்டுகளும் 1 ஆகத்தான் தெரியும். சில போர்டுகளில் 7எஃப் தெரியலாம். எஃப்எஃப்-இல் பிஸி பிட்டும் ஏறியிருப்பதால் "டிரைவ் ஏதோ வேலையில் இருக்கிறது" என்று நினைத்து முடிவே இல்லாமல் காத்திருக்கும் நிரல்கள் நிறைய. ஆரம்பத்திலேயே எஃப்எஃப் வந்தால் "சேனல் காலி" என்று சொல்லி வெளியேறும்படி எழுதுங்கள்.

ஏன் காலி? அடிக்கடி நடப்பது இதுதான்: டிஸ்க் இருக்கிறது, ஆனால் ஐடிஈ-யில் இல்லை. கியூஎமு-வின் வழக்கமான பிசி மாதிரியில் பிஐஐஎக்ஸ்3 ஐடிஈ கண்ட்ரோலர் இருக்கும். அதில் இந்த போர்ட்டுகள் வேலை செய்யும். அதே கட்டளை வரியில் க்யூ35 மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க் ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்க்குகளுக்கான வேறு இடைமுகம்) கண்ட்ரோலரில் போய் உட்கார்ந்துவிடும். பயாஸ் அதை அழகாகப் படித்து உங்கள் பூட்லோடரை ஏற்றிவிடும். அதனால்தான் குழப்பம்: பூட் ஆன டிஸ்க் எப்படி இல்லாமல் போகும்? இல்லாமல் போகவில்லை, வேறு வாசலில் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸிலும் டிஸ்க் சாட்டா கண்ட்ரோலரின் கீழ் இருந்தால் இதே கதைதான். அதை ஐடிஈ கண்ட்ரோலருக்கு மாற்றி இணைக்க வேண்டும்.

நிஜக் கணினியில் இதைத் தீர்மானிக்க பிசிஐ பட்டியலைப் பாருங்கள். கிளாஸ் 01, சப்கிளாஸ் 01 என்றால் ஐடிஈ. சப்கிளாஸ் 06 சாட்டா; ஏஹெச்சிஐ இதில்தான் வரும். 08 என்விஎம்ஈ (எஸ்எஸ்டி-க்கான இடைமுகம்). ஏஹெச்சிஐ-க்கு பயாஸ் அமைப்பில் ஐடிஈ அல்லது லெகசி மோடு இருந்தால் மாற்றிப் பார்க்கலாம். என்விஎம்ஈ மட்டும் உள்ள லேப்டாப்பில் 1எஃப்0-ஐத் தட்டுவது வீண். அதற்கு வேறு டிரைவர் எழுத வேண்டும், மெமரி வழியாக, க்யூக்களோடு.

சப்கிளாஸ் 01 வந்தும் எஃப்எஃப் என்றால் ப்ரோக்ராமிங் இன்டர்ஃபேஸ் பைட்டைப் படியுங்கள். அதில் கடைசி பிட் (பிட் 0) ஏறியிருந்தால் முதல் சேனல் நேட்டிவ் மோடில் இருக்கிறது. அதன் போர்ட் எண்கள் 1எஃப்0 இல்லை, பிசிஐ-யின் முதல் இரண்டு பேஸ் அட்ரஸ்களில் எழுதியிருக்கும் எண்கள். பிட் 2 இரண்டாவது சேனலுக்கு.

கடைசியாக ஒரு அசெம்ப்ளி வலை. இன், அவுட் கட்டளைகளில் போர்ட் எண்ணை நேரடியாக எழுத 8 பிட் இடம்தான் உண்டு. 1எஃப்7-ஐ அப்படி எழுதினால் நாஸ்ம் அசெம்ப்ளர் ஒரு எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு எஃப்7 என்ற போர்ட்டைப் படிக்கும் கட்டளையாக அதை மாற்றிவிடும். மேக்ஃபைல் ஓடும் வேகத்தில் அந்த எச்சரிக்கை கண்ணில் படாது. எஃப்எஃப்-ஐத் தாண்டிய எண்ணை டிஎக்ஸ் ரெஜிஸ்டரில் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும்.

ஸ்டேட்டஸ் 00

சேனல் இருக்கிறது, நீங்கள் கூப்பிட்ட டிரைவ் இல்லை. ஒரு சேனலில் மாஸ்டர், ஸ்லேவ் என இரண்டு டிரைவ் இருக்கலாம். மாஸ்டர் மட்டும் உள்ள சேனலில் ஸ்லேவைத் தேர்ந்தெடுத்தால் மாஸ்டரே அதன் சார்பில் 00 காட்டும். 1எஃப்6-இல் எழுதும் மதிப்பைப் பாருங்கள்: எல்பிஏ (செக்டர்களை 0-இலிருந்து வரிசையாக எண்ணும்) முறையில் மாஸ்டருக்கு ஈ0, ஸ்லேவுக்கு எஃப்0.

டிரைவை மாற்றிய உடனேயே ஸ்டேட்டஸ் படித்தால் பழைய டிரைவின் பதில் வரலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளக்கம் நிஜக் கணினி பற்றிய பகுதியில்.

பிஸி இறங்கவே இல்லை

எஃப்எஃப் அல்ல என்று உறுதியானால் இரண்டு சாத்தியங்கள். ஒன்று கம்பைலர். ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓடுகிறது, ஓ2 கொடுத்தால் லூப்பில் தொங்குகிறது என்றால், போர்ட்டிலிருந்து ஒரு பைட் படிக்கும் இன்பி-க்கு எழுதிய இன்லைன் அசெம்ப்ளியில் வாலட்டைல் விடுபட்டிருக்கும். ஒரே போர்ட்டை ஒரே மாதிரி படிப்பதால் பதிலும் மாறாது என்று ஜிசிசி முடிவு செய்து, படிப்பதை லூப்புக்கு வெளியே ஒரு முறை மட்டும் செய்துவிடும். அப்புறம் எத்தனை யுகம் காத்தாலும் அதே பழைய 80-தான்.

இன்னொன்று, டிரைவே உண்மையில் மாட்டிக்கொண்டிருப்பது. அதற்கு சாஃப்ட்வேர் ரீசெட்: 3எஃப்6-இல் 04 எழுதி, 5 மைக்ரோ செகண்ட் விட்டு, 00 எழுதி, 2 மில்லி செகண்ட் பொறுத்து, பிஸி இறங்குவதைப் பாருங்கள். 04-ஐ எழுதிவிட்டு 00 எழுத மறந்தால் டிரைவ் ரீசெட்டிலேயே கிடக்கும். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு டிரைவுகளுக்கும் சேர்த்தே இந்த ரீசெட் போகும், முடிந்ததும் மாஸ்டர் தேர்வாகியிருக்கும். பழைய மோட்டார் டிஸ்க் எழுந்திருக்க விதிப்படி 31 விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம். எனவே டைம்அவுட்டை ஒரு விநாடியில் வைத்துவிட்டு டிஸ்க் பழுது என்று எழுதிவிடாதீர்கள்.

எரர் பிட் ஏறுகிறது

ஸ்டேட்டஸ் 51 அல்லது 41. உடனே 1எஃப்1-ஐப் படியுங்கள். எரர் பிட் ஏறியிருக்கும்போதுதான் அந்த ரெஜிஸ்டருக்கு மதிப்பு உண்டு.

04 என்றால் கமாண்டை டிரைவ் ஏற்கவில்லை. டிரைவின் விவரங்களைக் கேட்கும் ஐடென்டிஃபை கமாண்டான ஈசி-க்கு இது வந்தால் பதற வேண்டாம், எதிரே இருப்பது சிடி டிரைவாக இருக்கலாம். 1எஃப்4, 1எஃப்5 இரண்டையும் படித்தால் 14, ஈபி என்று இருக்கும். அது ஏடிஏபிஐ (சிடி போன்ற டிரைவுகளுக்கான முறை) சாதனத்தின் முகவரிச்சீட்டு. சாட்டா வழியே வந்த சிடி டிரைவ் 69, 96 காட்டும். அவற்றுக்கு ஏ1 என்ற தனி ஐடென்டிஃபை உண்டு. கியூஎமு-வில் எதுவும் சொல்லாமல் விட்டாலே இரண்டாவது சேனலில் ஒரு காலி சிடி டிரைவ் இருக்கும், அதனால் இரண்டு சேனலையும் சுற்றிவரும் நிரல் முதலில் தடுக்கி விழுவது இதில்தான்.

10 என்றால் கேட்ட செக்டர் எண் டிஸ்க்கில் இல்லை. 40 என்றால் செக்டரைப் படிக்கவே முடியவில்லை, தட்டில் பழுது. உங்கள் நிரல்மீது குற்றம் இல்லை.

இங்கே பலர் விடுவது ஸ்டேட்டஸில் வரும் 20, டிரைவ் ஃபால்ட். எரர் பிட்டை மட்டும் பார்த்து டிஆர்க்யூ-வுக்குக் காத்திருக்கும் லூப், ஃபால்ட் வந்தால் நிரந்தரமாகத் தொங்கும். பிஸி இறங்கியதும் 21-ஐ வைத்து ஆண்ட் செய்து இரண்டையும் ஒரே வீச்சில் சோதியுங்கள்.

பிழை எதுவும் இல்லை, டேட்டாதான் தப்பு

அதிக நேரத்தைத் தின்பது இதுதான். சோதிக்க ஒரு நல்ல இமேஜ் செய்துகொள்ளுங்கள்: ஒவ்வொரு செக்டரையும் அதன் சொந்த எண்ணாலேயே நிரப்புங்கள். எது வந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

கேட்டதற்கு ஒன்று முந்தைய செக்டர் வருகிறதா? 1எஃப்6-இல் ஈ0-க்குப் பதில் ஏ0 எழுதியிருக்கிறீர்கள். எல்பிஏ பிட் இல்லாததால் டிரைவ் அதைப் பழைய சிலிண்டர்-ஹெட்-செக்டர் கணக்காக எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் செக்டர் எண் 1-இலிருந்து தொடங்கும். ஆக நீங்கள் 5 கேட்டால் எல்பிஏ 4 வரும். 0 கேட்டால் அப்படி ஒரு செக்டரே இல்லை என்று எரர் வரும். "முதல் செக்டர் மட்டும் படிக்கவில்லை, மற்றவை ஒன்று தள்ளி வருகின்றன" என்றால் வேறெங்கும் தேடவே வேண்டாம்.

ஒன்று விட்டு ஒரு பைட் வருகிறதா? டேட்டா போர்ட் 16 பிட் அகலம். அதை இன்பி-யால் பைட் பைட்டாகப் படித்தால் ஒவ்வொரு முறையும் ஒரு வேர்டு காலியாகும், மேல்பாதி தொலையும். பூட் செக்டரைப் படித்து 510-ஆவது இடத்தில் 55 ஏஏ தேடினால் கிடைக்காது; 255-ஆவது இடத்தில் 55 மட்டும் தனியாக நிற்கும். அந்த ஏஏ-தான் தொலைந்த மேல்பாதி.

முதல் செக்டர் சரி, அடுத்தவை குப்பை? நான்கு செக்டர் கேட்டுவிட்டு 1024 வேர்டுகளை ஒரே மூச்சில் இழுத்திருப்பீர்கள். கமாண்ட் ஒன்றுதான், ஆனால் டிரைவ் ஒவ்வொரு செக்டராகத்தான் மேசைக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு 256 வேர்டுக்கும் பிறகு மறுபடி பிஸி இறங்கி டிஆர்க்யூ ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

முதல் கமாண்ட் நன்றாக ஓடி, இரண்டாவது கமாண்ட் கொடுக்கும்போது ஸ்டேட்டஸ் 58-இல் நிற்கிறதா? முந்தைய டேட்டா இன்னும் மிச்சம் இருக்கிறது. 255 வேர்டு மட்டும் படிக்கும் லூப் ஒரு காரணம். இன்னொன்று ருசிகரமானது: 1எஃப்2-இல் 0 எழுதினால் "எதுவும் வேண்டாம்" என்று அர்த்தமில்லை, 256 செக்டர் என்று அர்த்தம். எண்ணிக்கையை வைத்திருந்த மாறி வேறெங்கோ 0 ஆகிவிட்டால் டிரைவ் 128 கிலோபைட்டைத் தரக் காத்துக்கொண்டு நிற்கும்.

எல்லாமே 0 அல்லது பழைய மதிப்பா? ரெப் இன்எஸ்டபிள்யூ எப்போதும் ஈஎஸ் செக்மென்ட்டில் டிஐ காட்டும் இடத்தில்தான் எழுதும். ஈஎஸ்-ஐ மாற்றிச் சொல்ல வழி இல்லை. பூட்லோடரில் டிஎஸ்-ஐ மட்டும் அமைத்துவிட்டு ஈஎஸ்-ஐ விட்டிருந்தால் டேட்டா எங்கோ இறங்கியிருக்கும். டைரக்ஷன் ஃப்ளாக் ஏறியிருந்தால் பஃபருக்கு முன்பக்கமாகப் பின்னோக்கி எழுதும். அந்த ஃப்ளாக்கை இறக்கும் சிஎல்டி கட்டளையை முதலில் போடுங்கள். சி-யில் எழுதியிருந்தால், இன்லைன் அசெம்ப்ளியில் மெமரி மாறுகிறது என்று அறிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பஃபர் தொடப்படவில்லை என்று கம்பைலர் நம்பி, முன்பு தெரிந்த மதிப்பையே உங்களுக்குத் தரலாம்.

ஐடென்டிஃபையில் மாடல் பெயர் எழுத்துகள் ஜோடி ஜோடியாக இடம் மாறித் தெரிந்தால் அது பிழையே இல்லை. 27 முதல் 46 வரையுள்ள வேர்டுகளில் முதல் எழுத்து மேல் பைட்டில் இருக்கும்படிதான் விதி. அச்சிடும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

சின்ன டிஸ்க்கில் சரி, பெரிய டிஸ்க்கில் தலைகீழ்

28 பிட் எல்பிஏ எட்டும் தூரம் 26,84,35,456 செக்டர்கள். 512 பைட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 137 ஜிபி. டிஸ்க் அதைத் தாண்டியதாக இருந்தாலும், அந்த எல்லைக்குள் படிக்கும்வரை ஒரு பிரச்சினையும் தெரியாது. தாண்டிய முதல் செக்டரில் என்ன நடக்கும் என்பது 1எஃப்6-க்கு மதிப்பை எப்படிச் சேர்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. எண்ணின் மேல்பகுதியை 0எஃப்-ஆல் ஆண்ட் செய்து சேர்த்திருந்தால் 28-ஆவது பிட் காணாமல் போய், நேராக செக்டர் 0-க்குப் போய் நிற்பீர்கள். எழுதும் கமாண்டாக இருந்தால் பார்ட்டிஷன் டேபிள் போச்சு. ஆண்ட் செய்யாமல் விட்டிருந்தால் அந்த பிட் டிரைவ் தேர்வு பிட்டின் மேல் விழும், ஈ0 என்பது எஃப்0 ஆகும். நீங்கள் எழுதியது பக்கத்து டிஸ்க்குக்குப் போகும். இரண்டுமே சத்தமில்லாமல் நடக்கும். விண்டோஸ் எக்ஸ்பி முதலில் வந்தபோது அதற்கும் இந்த 137 ஜிபி சுவர் இருந்தது. சர்வீஸ் பேக் 1-இல்தான் 48 பிட் ஆதரவு வந்தது.

தீர்வு ஏடிஏ-6 தரத்தோடு வந்த 48 பிட் முறை. ஐடென்டிஃபையின் 83-ஆவது வேர்டில் பிட் 10 ஏறியிருந்தால் டிரைவுக்கு அது தெரியும். மொத்த அளவை 60, 61 வேர்டுகளுக்குப் பதில் 100 முதல் 103 வரை படியுங்கள். கமாண்ட் 24, எழுத 34. 1எஃப்6-இல் மாஸ்டருக்கு 40, ஸ்லேவுக்கு 50; அதில் செக்டர் எண்ணின் பிட்டுகள் எதுவும் போகாது.

48 பிட்டுக்கு மாறியும் தப்பான செக்டர் வந்தால், எழுதும் வரிசையில்தான் கோளாறு. 1எஃப்2 முதல் 1எஃப்5 வரை ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டு முறை எழுத வேண்டும். முதலில் எண்ணிக்கையின் மேல் பைட்டும் செக்டர் எண்ணின் மேல் மூன்று பைட்டுகளும், அப்புறம் கீழ் பைட்டுகள். பழைய மதிப்பை டிரைவ் பின்னால் தள்ளி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கீழ் பைட்டுகளை முதலில் எழுதினால் பெரிய எண்ணும் சிறிய எண்ணும் இடம் மாறிவிடும்.

கியூஎமு-வில் ஓடுகிறது, நிஜக் கணினியில் ஓடவில்லை

கியூஎமு-வில் கமாண்ட் எழுதியவுடனேயே ஸ்டேட்டஸ் மாறியிருக்கும். நிஜ டிரைவ் தன் ஸ்டேட்டஸைச் சரிசெய்ய 400 நானோ செகண்ட் வரை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அந்த இடைவெளியில் படித்தால் முந்தைய நிலையின் 50 தெரியும். பிஸி இல்லை என்று நம்பி நிரல் முன்னே ஓடிவிடும். டிரைவைத் தேர்ந்தெடுத்த பிறகும் கமாண்ட் கொடுத்த பிறகும் 3எஃப்6-ஐ நான்கு முறை படித்து, அந்த மதிப்புகளைத் தூக்கிப் போடுங்கள். ஒரு போர்ட் படிப்புக்குச் சுமார் 100 நானோ செகண்ட் என்பது பழைய கணக்கு. இன்றைய கணினியில் நான்கு போதாமல் போகலாம் என்று பதினைந்து முறை படிப்பவர்களும் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான். டிஸ்க்கின் வேகத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இதற்குக் காலி லூப் எழுதாதீர்கள், கம்பைலர் அதை அழித்துவிடும்.

இன்டரப்ட் வரவில்லை, அல்லது ஒரே ஒரு முறை வருகிறது

ஒருமுறைகூட வரவில்லை என்றால் 3எஃப்6-இல் 00 எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 02 பிட் ஏறியிருந்தால் டிரைவ் இன்டரப்ட் அனுப்பாது. முதல் சேனலின் இன்டரப்ட் ஐஆர்க்யூ 14, அது இரண்டாவது பிஐசி-யில் (இன்டரப்ட் கண்ட்ரோலர்) இருக்கிறது. ஏ1 போர்ட்டில் பிட் 6-ஐத் திறந்தால் மட்டும் போதாது. இரண்டாவது பிஐசி முதலாவதோடு பேசுவது ஐஆர்க்யூ 2 வழியாக. 21 போர்ட்டில் அந்த பிட்டும் திறந்திருக்க வேண்டும்.

ஒரு முறை வந்து நின்றுவிட்டால் இரண்டு இடம். கையாளும் நிரலில் 1எஃப்7-ஐப் படிக்க வேண்டும், அதுதான் டிரைவின் இன்டரப்ட் கோட்டை இறக்கும். பிறகு முடிந்தது என்ற 20-ஐ ஏ0 போர்ட்டுக்கும் 20 போர்ட்டுக்கும், இரண்டு பிஐசி-க்குமே அனுப்ப வேண்டும்.

வரவேண்டிய இன்டரப்ட் அவ்வப்போது தொலைகிறது என்றால், வேறெங்கோ ஒரு லூப் 1எஃப்7-ஐப் படித்துக்கொண்டிருக்கும். படித்த மாத்திரத்தில் இன்டரப்ட் ரத்தாகிவிடும். சும்மா எட்டிப் பார்க்க 3எஃப்6 இருக்கிறது. அதே ஸ்டேட்டஸ், பக்கவிளைவு இல்லை.

எழுதும்போது மட்டும் தொங்கினால் காரணம் வேறு. 30 கமாண்ட் கொடுத்த பிறகு முதல் செக்டருக்கு இன்டரப்ட் வராது, விதியே அப்படி. டிஆர்க்யூ ஏறுவதைப் பார்த்து முதல் 256 வேர்டை நீங்களே தள்ள வேண்டும். அது முடிந்த பிறகுதான் இன்டரப்ட்டுகள் தொடங்கும்.

எழுதியது மறுபடி பூட் செய்தால் இல்லை

டிரைவின் உள் கேஷில் தங்கியிருந்த நேரத்தில் கரண்ட் போயிருக்கும். எழுதி முடித்து பிஸி இறங்கியதும் கேஷைக் காலி செய்யும் ஈ7 (ஃப்ளஷ்) கமாண்ட் கொடுத்து, அதுவும் முடியும்வரை காத்திருங்கள். 48 பிட் முறையில் ஈஏ. கியூஎமு-வில் ஸ்னாப்ஷாட் ஆப்ஷனோடு ஓட்டியிருந்தால் எத்தனை ஃப்ளஷ் கொடுத்தும் இமேஜ் மாறாது, அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே எதிலும் அடங்கவில்லை

கியூஎமு-வின் ட்ரேஸ் ஆப்ஷனில் ஐடிஈ என்று தொடங்கும் நிகழ்வுகளை எல்லாம் திறந்துவிட்டு ஓட்டுங்கள். எந்த போர்ட்டில் எந்த மதிப்பு போனது, எந்த கமாண்ட் ஓடியது என்று வரிவரியாக வரும். இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. கியூஎமு-வின் பயாஸான சீபயாஸ் உங்கள் பூட் செக்டரை ஏற்றுவதும் இதே போர்ட்டுகள் வழியாகத்தான். ஆக பதிவின் முதல் பகுதியில் சரியாக ஓடிய ஒரு வாசிப்பு முழுதாக இருக்கும். உங்கள் நிரல் எழுதியதை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டும் பிரியும் முதல் வரியைத் தேடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நிலை பார்க்க வேண்டுமானால் கியூஎமு மானிட்டரில் ஐ என்ற கட்டளை போர்ட்டைப் படித்துக் காட்டும். அங்கேயும் 1எஃப்7 வேண்டாம், 3எஃப்6-ஐயே கேளுங்கள்.